மரவேலை வீடியோ பார்த்து வீட்டிலேயே ஃபர்னிச்சர் செய்யப் போறீங்களா? போட்டோவில் தெரியாத ஆபத்துகள் என்னென்ன? முழு விளக்கம்

செல்போனைத் திறந்தால் போதும். பழைய பேலட்டில் செய்த டீப்பாய், மிச்சமான பிளைவுட்டில் செய்த புத்தக அலமாரி, குழந்தைக்குச் செய்த மர வண்டி என வீட்டிலேயே செய்த மரச்சாமான்களின் போட்டோக்கள் வரிசைகட்டி வருகின்றன. இவற்றைச் செய்தவர்களில் பலர் தொழில்முறை ஆசாரிகள் இல்லை. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரம்பமும் உளியும் எடுப்பவர்கள்.

"நீங்களே செஞ்சதா? சூப்பர்! எப்படி செஞ்சீங்க?" என்ற கேள்வி எல்லா போட்டோவுக்குக் கீழேயும் வரும். பதில் பெரும்பாலும் ஒரே வரிதான். அந்த ஒரு வரியில் விட்டுப்போகும் விஷயம் சில சமயம் மேஜையைக் கோணலாக்கும். சில சமயம் ஆளையே கொன்றுவிடும்.

எப்படி? மரவேலைகளைப் பகிர்வதில் என்ன சிக்கல்? பார்த்துச் செய்பவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

2022 ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. உள்ளே இருந்த தம்பதி சடலமாக மீட்கப்பட்டனர். தீ விபத்தில் இறந்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால், விசாரணையில் வேறு விஷயம் தெரியவந்தது. அவர்கள் இறந்தது மின்சாரம் தாக்கி. அதே மின்கருவிதான் தீக்கும் காரணமாக இருந்திருக்கும் என்றனர் அதிகாரிகள்.

அந்தக் கருவி எதற்காக? மரப்பலகையில் மின்னல் போன்ற வடிவத்தைக் கருக்கி வரைவதற்காக. இணையத்தில் லட்சக்கணக்கானோர் பார்த்து ரசித்த ஒரு பொழுதுபோக்கு மரவேலை அது.

'ஃப்ராக்டல் பர்னிங்' என்றால் என்ன?

இந்த முறைக்குப் பெயர் ஃப்ராக்டல் பர்னிங். லிச்சென்பர்க் பர்னிங் என்றும் சொல்வார்கள். 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மன் இயற்பியலாளர் கியோர்க் கிறிஸ்டோஃப் லிச்சென்பர்க், மின்சாரம் பரவும்போது உண்டாகும் கிளை கிளையான வடிவங்களைக் கண்டறிந்தார். அதனால்தான் இந்தப் பெயர்.

உயர் அழுத்த மின்சாரத்தை மரத்தின் மேல் பாய்ச்சினால், அது போகும் வழியெல்லாம் மரம் கருகும். பார்ப்பதற்கு மின்னல் மாதிரியோ, ஆற்றின் கிளைகள் மாதிரியோ இருக்கும். உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கும். அதில் சந்தேகம் இல்லை.

பிரச்சனை கருவியில். வீட்டில் செய்துபார்க்கும் பலர், பழைய மைக்ரோவேவ் அடுப்பில் இருந்து கழற்றிய டிரான்ஸ்பார்மரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதிலிருந்து வெளிவரும் அழுத்தம் சுமார் 2,000 வோல்ட். நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட் மட்டுமே. அதுவே உயிரைப் பறிக்கப் போதுமானது.

ஃப்யூஸ், டிரிப்பர் காப்பாற்றாதா?

பலரும் நம்பி ஏமாறும் இடம் இதுதான். "ஏதாவது ஆச்சுன்னா மெயின் ட்ரிப் ஆயிடுமே" என்ற நினைப்பு.

முதலில் ஃப்யூஸ். 16 ஆம்பியர் தாங்கும் ஃப்யூஸ், அதற்கு மேல் மின்சாரம் போனால்தான் துண்டிக்கும். மனித இதயத்தை நிறுத்த ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். அதாவது, ஃப்யூஸுக்கு விஷயம் தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அடுத்தது, மின்கசிவைக் கண்டுபிடித்து நிறுத்தும் ஆர்.சி.சி.பி. இது வீட்டு லைனில் போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்க்கும். வித்தியாசம் இருந்தால் உடனே நிறுத்தும். ஆனால் டிரான்ஸ்பார்மரின் மறுபக்கம் ஒரு தனிச் சுற்று. அந்தப் பக்கத்தின் இரண்டு முனைகளையும் ஒருவர் தொட்டுவிட்டால், வீட்டு லைனில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆர்.சி.சி.பி அமைதியாகவே இருக்கும்.

இவ்வளவு பேர் எப்படி இதில் மாட்டினார்கள்?

அமெரிக்க மரக்கடைசல் கலைஞர்களின் சங்கமான 'அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் உட்டர்னர்ஸ்', 2017-ல் இந்த முறைக்குத் தடை போட்டது. சங்கம் நடத்தும் நிகழ்ச்சிகளில் இதைச் செய்துகாட்டக் கூடாது. சங்கத்தின் வெளியீடுகளில் எச்சரிக்கை தவிர வேறு எதையும் எழுதக் கூடாது. இந்த முறையால் 30-க்கும் மேற்பட்டோர் இறந்திருப்பதாக அந்தச் சங்கம் தொகுத்த தகவல்கள் சொல்கின்றன.

2022-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த உணவியல் நிபுணரும் யூடியூபருமான ஆன் ரியர்டன், இந்த ஆபத்தை விளக்கி ஒரு வீடியோ வெளியிட்டார். அந்த எச்சரிக்கை வீடியோவையே யூடியூப் நீக்கியது. செய்முறை சொல்லும் வீடியோக்கள் அப்படியே இருக்க, எச்சரிக்கும் வீடியோவை எடுப்பதா எனக் கடும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, மீண்டும் அனுமதித்தது.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். வீடியோ போட்டவர்கள் எல்லாரும் உயிரோடு தப்பித்தவர்கள். செய்துபார்த்து இறந்துபோனவர் வீடியோ போட முடியாது. அதனால் நம் கண்ணில் படுவதெல்லாம் வெற்றிகரமாக முடிந்த வேலைகள் மட்டும்தான். பத்து வீடியோ பார்த்தால் பத்திலும் நல்லபடியாகத்தான் முடியும். "இத்தனை பேர் செய்றாங்க, நமக்கு மட்டும் என்ன ஆகிடப் போகுது?" என்ற தைரியம் வருவது அப்படித்தான்.

இது ஃப்ராக்டல் பர்னிங்குக்கு மட்டும் பொருந்துவது இல்லை. விரிசல் விட்ட மேஜையின் போட்டோவை யாரும் போடுவதில்லை. மூன்றாம் மாதம் தொய்ந்துபோன அலமாரியும் ஸ்டேட்டஸில் வருவதில்லை.

அப்போ, பகிர்வதே தப்பா?

நிச்சயமாக இல்லை. நல்லபடியாகப் பகிர்ந்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஓர் உதாரணம் இருக்கிறது.

இத்தாலியைச் சேர்ந்த புகழ்பெற்ற வடிவமைப்பாளர் என்சோ மாரி. 1974-ல் 'ஆட்டோபுரோஜெட்டாசியோனே' என்ற பெயரில் ஒரு திட்டத்தை வெளியிட்டார். மேஜை, நாற்காலி, கட்டில், அலமாரி என 19 மரச்சாமான்களின் வரைபடங்கள். எல்லாமே சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் வைத்துச் செய்யக்கூடியவை. தபால் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால், யார் கேட்டாலும் அந்த வரைபடங்கள் அனுப்பிவைக்கப்பட்டன. தொழிற்சாலைகளும் வியாபாரிகளும் மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை.

மாரி இன்னொரு வேண்டுகோளும் வைத்தார். செய்து முடித்தவர்கள் போட்டோ எடுத்து, தங்கள் கருத்துகளோடு தனக்கு அனுப்ப வேண்டும் என்றார். இன்று நாம் செல்போனில் செய்யும் அதே வேலைதான். ஆனால் அங்கே வரிசை வேறு. முதலில் அளவும் வெட்டும் முறையும் போனது. அதன் பிறகுதான் போட்டோ வந்தது.

ஒரு மேஜையை நம் கையால் செய்துபார்த்தால், கடையில் இருக்கும் மேஜை நல்லதா கெட்டதா என்று எடைபோடத் தெரியும் என்பது மாரியின் நம்பிக்கை. 2020-ல் அவர் காலமானார். ஆனால், அந்த வரைபடங்கள் இன்னும் உலகம் சுற்றுகின்றன. ஜெர்மனியின் பெர்லினில், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அகதிகள் 'குக்குலா' என்ற அமைப்பின் வழியாக மாரியின் அனுமதியோடு அந்த நாற்காலிகளைச் செய்து விற்றனர். முழுமையாகப் பகிரப்பட்ட ஒரு வரைபடம் எங்கோ இருக்கும் ஒருவருக்குப் பிழைப்பாகவும் மாறும் என்பதற்கு அது சாட்சி.

போட்டோவில் தெரியாத 6 விஷயங்கள்

சரி, நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டு வீடியோவையோ, நண்பர் அனுப்பிய போட்டோவையோ பார்த்து ஒரு பொருளைச் செய்ய நினைக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் விஷயங்கள் இவை.

1. அளவு

அமெரிக்க வீடியோக்களில் 'டூ பை ஃபோர்' என்ற கட்டையை அடிக்கடி சொல்வார்கள். பெயர்தான் 2 இன்ச்சுக்கு 4 இன்ச். உண்மையில் அது ஒன்றரை இன்ச்சுக்கு மூன்றரை இன்ச். அங்கே இருப்பவர்களுக்கு இது தெரியும் என்பதால் யாரும் விளக்க மாட்டார்கள்.

நீங்கள் மரவாடிக்குப் போய் முழு 2 இன்ச் கட்டை அறுத்து வாங்கினால் என்ன ஆகும்? மேஜையின் வெளி அகலத்தை வீடியோவில் சொன்னபடியே வைத்தால், இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒரு இன்ச் கூடுதலாகப் போய்விடும். உள்ளே வர வேண்டிய டிராயர் வராது. நம் ஊரிலும் 2 இன்ச் என்று வாங்கிய கட்டை, இழைத்த பிறகு 2 இன்ச் இருக்காது. எப்போதும் இழைத்து முடித்த அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

2. அது என்ன மரம்?

பேலட் மரம் மலிவு. அதனால்தான் ஆரம்பத்தில் எல்லாரும் அதைத் தேடுகிறார்கள். ஆனால் எல்லா பேலட்டும் வீட்டுக்குள் வைக்க உகந்தது இல்லை.

நாடு விட்டு நாடு போகும் பேலட்களில் பூச்சிகள் பரவாமல் இருக்க, சர்வதேச விதிப்படி சிகிச்சை செய்து முத்திரை குத்துவார்கள். கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை அது. பக்கத்தில் நாட்டின் குறியீடும், சிகிச்சை முறையும் ஆங்கில எழுத்துகளில் இருக்கும்.

• எச்.டி என்று இருந்தால்: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடங்களுக்கு ஏற்றப்பட்டது என்று பொருள். ரசாயனம் இல்லை.
• எம்.பி என்று இருந்தால்: மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு பயன்படுத்தப்பட்டது. வீட்டுச் சாமான் செய்ய வேண்டாம்.
• முத்திரையே இல்லை என்றால்: என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியாது. எண்ணெய்க் கறை, ரசாயன வாடை இருந்தால் தொடவே வேண்டாம்.

எச்.டி முத்திரை இருந்தாலும், அந்தப் பேலட் மேல் என்ன சரக்கு ஏற்றினார்கள், என்ன கொட்டியது என்பதை முத்திரை சொல்லாது. சாப்பாட்டுத் தட்டு, குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மை போன்றவற்றை பேலட்டில் செய்யாமல் இருப்பதே நல்லது.

பிளைவுட்டிலும் இதே கதைதான். ஐ.எஸ் 303 தரத்தில் வரும் எம்.ஆர் வகை ஈரப்பதத்தை ஓரளவுதான் தாங்கும். ஐ.எஸ் 710 தரத்தில் வரும் பி.டபிள்யூ.பி வகைதான் சமையலறை சிங்க் அடியில் வைக்கத் தாங்கும். போட்டோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

3. எந்தக் காலத்தில் செய்தது?

மரம் அறுத்த பிறகும் சும்மா இருக்காது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும். வெயில் காலத்தில் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கில் இந்த மாற்றம் மிகக் குறைவு. அகலவாக்கில்தான் அதிகம். இரண்டடி அகல மேஜைப் பலகை, பருவம் மாறும்போது சில மில்லிமீட்டர் நகரக்கூடும்.

அந்தப் பலகையை நாலு பக்கமும் அசையாதபடி ஃபெவிகால் போட்டு, ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால் என்ன நடக்கும்? நகர இடமில்லாமல் பலகை வெடிக்கும். அனுபவசாலிகள் சட்டத்தில் வட்டத் துளைக்குப் பதில் நீளத் துளை போட்டு ஸ்க்ரூ மாட்டுவார்கள். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் ஸ்க்ரூ கூடவே நகரும். மேஜைக்கு அடியில் இருக்கும் இந்த வேலை எந்த போட்டோவிலும் வராது.

பிளைவுட்டில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை. அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அதனால், பிளைவுட்டில் செய்த டிசைனை அப்படியே கட்டைப் பலகையில் செய்தால் சொதப்பும்.

4. கழற்றி வைத்த பாதுகாப்பு மூடி

வெட்டும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, சில வீடியோக்களில் இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிடுவார்கள். பார்ப்பவர்கள் அதுதான் சரியான முறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நம் ஊரில் இன்னொரு பழக்கம். இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரில், பல் உள்ள மர பிளேடை மாட்டி மரம் அறுப்பது. செலவு மிச்சம் என்று செய்கிறார்கள். பல் மரத்தில் சிக்கினால் கிரைண்டர் ஒரே துள்ளலில் ஆள் பக்கம் திரும்பும். கையையும் முகத்தையும் பதம்பார்க்க அந்த ஒரு நொடி போதும். மரம் அறுக்க மரம் அறுக்கும் மெஷின்தான் வேண்டும். இல்லையென்றால் கைரம்பம். நேரம் ஆகும், ஆனால் விரல் மிஞ்சும்.

5. தூசியும் எண்ணெய்த் துணியும்

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கும் மரத்தூள் வெறும் தும்மலோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. என்றைக்கோ ஒருநாள் செய்பவர்களை விட, ஆண்டுக்கணக்கில் அதிலேயே புழங்குபவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனாலும் கைக்குட்டை கட்டினால் போதாது. என் 95 முகக்கவசம் போடுங்கள். மூடிய அறையில் தேய்க்காதீர்கள்.

பளபளப்புக்காக லின்சீட் ஆயில் தேய்ப்பவர்கள் கவனத்துக்கு: தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், அது காயும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். தீக்குச்சியே தேவையில்லை. துணியை விரித்து வெளியில் காயப் போடுங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த டப்பாவில் ஊறப் போடுங்கள்.

6. சுவரில் இருக்கும் ஸ்க்ரூ

உயரமான புத்தக அலமாரி, துணி அலமாரி போட்டோக்களில் எல்லாமே அழகாக நிற்கும். பின்னால் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டிருப்பது தெரியாது. அதைப் பார்க்காமல் செய்தவர் வீட்டில், குழந்தை டிராயரில் கால் வைத்து ஏறினால் அலமாரி அப்படியே குழந்தை மேல் சாயும். குழந்தை இருக்கும் வீடு என்றால், சுவரில் இறுக்காமல் உயரமான சாமான் எதையும் நிறுத்த வேண்டாம்.

நீங்கள் பகிரும்போது என்னவெல்லாம் எழுத வேண்டும்?

பெரிய கட்டுரை தேவையில்லை. போட்டோவுக்குக் கீழே இந்த ஐந்து வரி இருந்தாலே அடுத்தவருக்குப் பெரிய உதவி.

• மரத்தின் பெயர், எங்கே கிடைத்தது, புதுசா பழசா
• இழைத்து முடித்த பிறகான அளவுகள், அதுவும் ஒரே அலகில்
• எப்படி இணைத்தீர்கள்: ஆணியா, ஸ்க்ரூவா, துளை போட்டுச் செருகியதா
• மேலே என்ன பூசினீர்கள், எவ்வளவு நாள் காயவிட்டீர்கள்
• எங்கே தப்பு நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்

கடைசி வரிதான் பெரும்பாலும் விட்டுப்போவது. லைக் குறைந்துவிடுமோ என்ற தயக்கம். ஆனால் அடுத்தவருக்கு அதிகம் பயன்படுவது அந்த வரிதான். கூடவே அடிப்பக்கம், பின்பக்கம் என இரண்டு போட்டோ சேர்த்துவிடுங்கள். டிசைன் வேறொருவருடையது என்றால் அவர் பெயரைச் சொல்வது மரியாதை. அதை விற்கப்போகிறீர்கள் என்றால், அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பார்த்துச் செய்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

• இது எந்த நாட்டு அளவு? நம் கடையில் கிடைக்கும் கட்டைக்கு ஒத்துவருமா?
• பிளைவுட்டா, கட்டைப் பலகையா?
• எவ்வளவு எடை தாங்க வேண்டும்? அதைச் சோதித்துப் பார்த்தாரா?
• வீடியோவில் வெட்டி நீக்கிய பகுதி எது? கருவியை எப்படிப் பிடித்தார் என்று தெரிகிறதா?
• மின்சாரம், ரசாயனம், நெருப்பு ஏதாவது சம்பந்தப்பட்டிருக்கிறதா? 'ஆம்' என்றால், அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

ஃப்ராக்டல் பர்னிங் விஷயத்தில் இந்தக் கேள்விகளுக்கே அவசியம் இல்லை. கையுறை போட்டாலும், ரப்பர் செருப்பு போட்டாலும் வீட்டில் செய்யவே கூடாது. அந்தத் தோற்றம் பிடித்திருந்தால், மரத்தில் கோலம் கருக்குவதற்கென்றே விற்கும் பைரோகிராஃபி பேனாவை வாங்கலாம். முனை சூடாகும், அவ்வளவுதான். கை பட்டால் சுடும், உயிருக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. மின்னல் கிளைகளைக் கையால்தான் வரைய வேண்டும், பொறுமை வேண்டும்.

கேட்க மறக்கக் கூடாத ஒரு போட்டோ

மரவேலை போட்டோக்கள் எல்லாமே வேலை முடிந்த அன்று எடுத்தவை. அன்றைக்கு எல்லா மேஜையும் அழகுதான். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டினால்தான் அதன் உண்மையான தரம் தெரியும்.

அதனால், பிடித்த டிசைன் ஒன்றைப் பார்த்தால் "எப்படி செஞ்சீங்க?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இப்போ எப்படி இருக்கு? ஒரு வருஷம் கழிச்சு எடுத்த போட்டோ இருக்கா?" என்று கேளுங்கள். நீங்கள் போன வருடம் ஏதாவது செய்து பகிர்ந்திருந்தால், இன்றைக்கே அதை மறுபடியும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். விரிசல் இருந்தால் அதோடு சேர்த்தே போடுங்கள். அடுத்து அதே மேஜையைச் செய்யப்போகிறவர் காசையும் மரத்தையும் வீணாக்காமல் தப்பிப்பார்.